வெள்ளை லேஞ்சி

போன மாதம் ரொறன்ரோவின் மில்லிக்கனில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில், நீதிமன்ற மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளோடு பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அந்த வேலையை விட்டு வெகுகாலமாகிவிட்டது. இப்போது பாதி வேலை ரெலிபோனிலும் வீடியோவிலும் நடக்கிறதாம். நீதிபதி ஓரிடம், சாட்சி ஓரிடம், மொழிபெயர்ப்பவர் தன் வீட்டுக் குசினி மேசையில். கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது. முகம் பார்க்காமல் ஒருவர் பேச்சை எப்படி இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டேன். "ஹெட்செற் நல்லதெண்டால் காணும் அன்ரி" என்றான் ஒரு பொடியன். வயது போனவர்களைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னான்.

எழும்பப்போகும் நேரத்தில் அபிராமி என்ற பெண்பிள்ளை கையை உயர்த்தினாள். இங்கேயே பிறந்தவள். "அன்ரி, லைக், நீங்கள் சொல்லப்போறதால ஒராள் உடைஞ்சு போவார் எண்டு தெரிஞ்சா, கொஞ்சம் சொஃப்ற் ஆக்கிச் சொல்லியிருக்கிறியளா? எப்பவாவது?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, பிள்ளை கேட்டது நல்ல கேள்வி, நான் கொடுத்தது சோம்பேறிப் பதில் என்று பட்டது. நடராசாவின் வழக்கைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. அதை இவ்வளவு காலமும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஊரில் நான் ஆங்கிலம் படிப்பித்தவள். எண்பதுகளின் முடிவில் பார்க்டேலில் வந்து இறங்கி, முதலில் ஒரு பேக்கரியில் பெட்டி மடித்தேன். நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் இங்கிலிஷ் தெரிந்த ஆள் நான்தான் என்று தெரிந்ததும், டொக்டரிடம், பள்ளிக்கூடத்துக்கு, வீட்டுக்காரனிடம் என்று சனம் என்னை இழுத்துக்கொண்டு திரிந்தது. எல்லோருக்கும் நான் 'ரீச்சர்'. பிறகு சோதனை எழுதி, சத்தியம் செய்து, நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரானேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் திருமதி ஒலிவேரா தந்ததுதான்.

அவர் போர்த்துக்கல்லைச் சேர்ந்தவர். எங்களை எந்த நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர். குள்ளமான உருவம், சாம்பல் நிறப் பாவாடை, எப்போதும் நறுக்கென்ற பேச்சு. புதிதாக வந்தவர்களுக்குப் பின்னால் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொள்வார். குறிப்பு எடுக்கமாட்டார். எல்லாம் முடிந்தபிறகு தாழ்வாரத்தில் நிறுத்திவைத்துக் கிழிப்பார். என் முதல் நாளில் சாட்சி பேசும்போது நான் நம்முடைய வழக்கப்படி தலையை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டிருந்தேன். நீதிபதி, "மொழிபெயர்ப்பாளர் இல்லை என்கிறாரா?" என்று கேட்டுவிட்டார். அன்று திருமதி ஒலிவேரா சொன்னது: "சாட்சி சொல்வது அந்த மனிதர். உன் தலை சாட்சி சொல்லக்கூடாது." அதன்பிறகு நீதிமன்றத்தில் கழுத்தை மரக்கட்டையாக வைத்திருக்கப் பழகினேன். வீட்டில் கணவர், "ஏன் இப்பிடிப் பொலிஸ்காரி மாதிரி நிக்கிறீர்?" என்று பகிடி பண்ணுவார்.

அவரிடம் வேறும் இரண்டு கட்டளைகள் இருந்தன. ஒன்று, சொன்னதெல்லாம் சொல்லப்படவேண்டும். திட்டினால் திட்டு, உளறினால் உளறல். "ஒருவரைக் காப்பாற்ற ஒரு சொல்லை விட்டாயானால், அடுத்தமுறை உன்னை யார் நம்புவார்கள்?" என்பார். மற்றது, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்து, இரண்டுமே அந்த இடத்துக்குப் பொருந்துமானால், எழுந்து நின்று நீதிபதியிடம் அதைச் சொல்லலாம். இரண்டு உண்டு என்று மட்டும். எது சரி என்று வாயைத் திறக்கக்கூடாது. அதையும் அடிக்கடி செய்தால் மரியாதை போய்விடும் என்று எச்சரித்தார்.

இவ்வளவு கண்டிப்பான மனுஷி என்னோடு சிரித்தது ஒரு சொல்லால்தான். தாழ்வாரத்துப் பொது ரெலிபோனில் மகனிடம், லேஞ்சியை மறந்து போய்விட்டாயே, மூக்கை எதால் துடைக்கப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திருமதி ஒலிவேரா சட்டென்று திரும்பினார். "லென்சோ? கைக்குட்டையா? அது எங்கள் சொல் அல்லவா?" எங்கள் ஊரைப் போர்த்துக்கீசர் ஆண்டதையும், அலுமாரி, கதிரை, யன்னல் எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை என்பதையும் சொன்னேன். "எங்கள் வீட்டுத் தளபாடம் முழுவதையும் எடுத்துக்கொண்டீர்கள்" என்று சிரித்தார். அதன்பிறகு சளி பிடித்த நாட்களில் என்னைப் பார்த்து 'லேஞ்சி' என்று கையை நீட்டுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் தொழிற்சாலைகளில் வேலை செய்த வன்னி ஆட்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். ஊரில் சின்ன வயதிலிருந்தே பன்றி, மான், மரை என்று வேட்டையாடியவர்கள். இங்கே வேட்டைக்குப் போகப் பயிற்சி எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, அனுமதி எடுக்கவேண்டும். படிப்பிக்க ஒரு வெள்ளைக்காரர் சம்மதித்துவிட்டார், மொழிபெயர்க்க ரீச்சர் வரவேண்டும் என்றார்கள். நான் வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, எல்லாக் கிழமையும் மரக்கறி சாப்பிடுகிறவள். துவக்கு என்றால் ஊரில் கண்ட துவக்குகள்தான் தெரியும். ஆனால் "நீங்கள் வராட்டி நாங்கள் சட்டத்துக்கு மாறாத்தான் போகவேணும்" என்று நடராசா சொன்னபோது எனக்கு மறுக்க வழியிருக்கவில்லை.

நடராசா முல்லைத்தீவுப் பக்கத்தவர். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. மெலிந்த, கறுத்த, அதிகம் பேசாத மனிதர். வகுப்புக்கு மச்சான் குகனையும் கூட்டிக்கொண்டு வருவார். குகன், நடராசாவின் மனைவி புஸ்பத்தின் தம்பி. நடராசா உடுப்பில் பெரிய அக்கறை உள்ளவரல்ல, ஆனால் அவருடைய பொக்கற்றில் எப்போதும் நீலம் போட்டுத் தோய்த்து, ஸ்திரிக்கை போட்டு, நாலாக மடித்த ஒரு வெள்ளை லேஞ்சி இருக்கும். கண் கூசும் வெள்ளை. புஸ்பம் அவருடைய ஒவ்வொரு காற்சட்டைக்கும் ஒவ்வொரு ஜக்கற்றுக்கும் ஒன்று வைத்துவிடுவா என்று குகன் சிரித்துக்கொண்டு சொல்வான். மெஷின் வேலைக்குப் போகிற மனிதருக்கு இது என்ன மாப்பிள்ளைக் கோலம் என்று மற்றவர்கள் பகிடி பண்ணுவார்கள். நடராசா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே செருகிவிடுவார்.

படிப்பித்தவர் வோல்ற்றர் என்ற ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி. தொண்டை கிழியக் கத்துகிறவர், ஆனால் கோபக்காரர் அல்ல. மண்டபத்தின் நடுவில் இரண்டு கதிரைகளுக்கு இடையே கயிறு கட்டி, அதுதான் வேலி என்பார். மரத்தில் செய்த துவக்கைக் கையில் கொடுத்து வேலியைத் தாண்டச் சொல்வார். குண்டை எடு. துவக்கை வேலிக்குக் கீழால் மற்றப்பக்கம் வை, வாய் உன்னைப் பார்க்காமல். இன்னோர் இடத்தால் நீ தாண்டு. போய் எடு. மறுபடி பார். காட்டில் வளர்ந்த மனிதர்கள் கயிற்றுக்கு முன்னால் நின்று இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கட்டளையையும் தமிழில் சொன்னேன். மானைக் கண்டால் மானைப் பார்க்காதே, மானுக்குப் பின்னால் என்ன என்று பார், என்று அவர் சொல்லிச் சொல்லி எனக்கே கனவில் வந்தது.

ஒருநாள் ஒருவர், "மரை சுடலாமோ எண்டு கேளுங்கோ ரீச்சர்" என்றார். எங்கள் ஊர் ஆங்கிலத்தில் மரைக்கு 'எல்க்' என்பதுதான் வழக்கம். அப்படியே கேட்டேன். வோல்ற்றருக்கு எல்க் என்றால் இந்த நாட்டின் வேறொரு பெரிய மான். கண்ணை விரித்தார். "எல்க்கா? இந்தப் பக்கத்தில் இருந்ததை எங்கள் பாட்டன்மார் சுட்டு முடித்துவிட்டார்கள்." பிறகு கதிரையில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். மேற்கு மாகாணத்துக்கு ஒருமுறை எல்க் வேட்டைக்குப் போனாராம். அரசாங்கக் காடு, யாரும் போகலாம். விடிவதற்கு முன்னமே ரோட்டில் ட்ரக் விட இடமில்லை. எல்க் மாதிரிக் கூப்பிடுகிற விசில் ஒன்று உண்டு. இவர் ஊதினார். பதில் வந்தது. இவர் நெருங்கினார், அதுவும் நெருங்கியது. பற்றையை விலக்கிப் பார்த்தால், முன்னால் இன்னொரு மனிதன், விசிலை வாயில் வைத்துக்கொண்டு, துவக்கை இவரை நோக்கிப் பிடித்தபடி. "நாங்கள் இரண்டு எல்க்குகள் அன்று வீட்டுக்கு உயிரோடு போனோம்" என்றார் வோல்ற்றர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இங்கேயும் அதுதான்" என்றார். "எல்லோருக்கும் பொதுவான காட்டில் மானைவிட மனிதன்தான் அதிகம். அதனால் ஒளிக்காதே. செம்மஞ்சள் உடுப்புப் போடு. ஆள் அரவம் கேட்டால் சத்தம் போட்டுக் கத்து." அந்த வருடங்களில் செம்மஞ்சள் உடுப்பைச் சட்டம் கட்டாயப்படுத்தியிருக்கவில்லை. பிறகு அவருடைய பார்வை நடராசாவிடம் போனது. நடராசா நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது. அதைத்தான் சொல்கிறேன்" என்று வோல்ற்றர் லேஞ்சியைக் காட்டினார். "இங்கத்தைய மானின் வாலுக்குக் கீழ்ப்பக்கம் வெள்ளை. ஓடும்போது வாலைத் தூக்கும். பற்றைக்குள் வேட்டைக்காரனின் கண் தேடுவது அந்த வெள்ளையைத்தான். வெள்ளைத் துணி, வெள்ளைக் கடதாசி, வெள்ளைக் கையுறை, ஒன்றும் காட்டுக்குக் கொண்டுபோகாதே." நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நடராசா லேஞ்சியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். "மாப்பிள்ளைக்குக் கலர் லேஞ்சி வாங்கவேணும்" என்று யாரோ சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன்.

எல்லோரும் பாஸ் பண்ணினார்கள். சந்தோஷமாகத்தான் போனார்கள். முதல் வேட்டைக் காலத்திலேயே அது வாடிவிட்டது. வடக்கே தூரத்தில் பெரிய காடுகள் உண்டு, ஆனால் ஷிஃப்ற் வேலைக்காரர்கள் எங்கே அவ்வளவு தூரம் போய்வருவது. கிட்டடியில் இருப்பவை தனியார் காணிகள். நடராசாவுக்காக நான் கமக்காரர்கள் பலரிடம் ரெலிபோனில் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். காணி குடும்பத்து ஆட்களுக்கு மட்டும் என்றார்கள். மிஞ்சியது ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருந்த பொதுக் காடு ஒன்று.

வோல்ற்றர் ஒருநாள் அங்கே எங்களைக் கூட்டிப்போனார். நானும் போனேன். கார்கள் தெருவின் இரு பக்கமும் கல்யாண வீட்டு வாசல் மாதிரி நின்றன. மரங்களுக்கிடையில் எங்கே பார்த்தாலும் ஒரு தொப்பி. நாங்கள் ஓரிடத்தில் நின்றால், இது என் இடம், நான் விடியமுன் வந்தவன் என்று ஒருவர் துரத்தினார். ஒரு கோஷ்டி ஒரு பக்கத்திலிருந்து கத்திக்கொண்டு மானைக் கலைக்க, மறுபக்கத்தில் முன்பின் தெரியாத இன்னொரு கோஷ்டி சுடக் காத்திருந்தது. நடுவில் நாங்கள். எங்கோ வெடித்தது. மேலே கிளையொன்று முறிந்து விழுந்தது. வோல்ற்றர் "ஆட்கள் இருக்கிறோம்" என்று உரக்கக் கத்தினார். நான் திரும்பிப் பார்த்தபோது நடராசாவும் குகனும் நிலத்தில் குப்புறப் படுத்திருந்தார்கள். சத்தமே போடாமல். வோல்ற்றர் அவர்களை எழுப்பி, "படுக்காதே, கத்து" என்றார். நடராசா மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார். "ரீச்சர், வெடிச்சத்தத்துக்குக் கத்தச் சொல்லுறார். எங்கட தொண்டைக்கு அது வராது."

அதற்குப்பிறகும் அவர் போனார். வெறுங்கையோடு வருவார். ஒருமுறை ஏன் இந்தச் சீரழிவு, கடையில் இறைச்சி இல்லையா என்று கேட்டேன். "இறைச்சிக்கில்லை ரீச்சர். இந்த நாட்டில எனக்குத் தெரிஞ்ச இடமெண்டு ஒண்டிருந்தா அது காடுதான். அதுக்குள்ளயும் இப்ப கியூவில நிக்கவேண்டிக் கிடக்கு" என்றார். புஸ்பமும் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுக்குப் போய்வந்த அன்றுதான் மனிதன் வீட்டில் நாலு வார்த்தை பேசுகிறார் என்று என்னிடம் சொன்னா.

அடுத்த நவம்பரில் ஒரு காலை, நடராசா அந்தக் காட்டில் சுடப்பட்டு இறந்தார். சுட்டவர் அவரை முன்பின் அறியாத ஒரு வேட்டைக்காரர். மான் என்று நினைத்தேன் என்றார். அவரே முதலில் ஓடிவந்து தன் ஜக்கற்றால் காயத்தைப் பொத்திப் பிடித்திருக்கிறார். அம்புலன்ஸ் காட்டுக்குள் வந்து சேர முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. செத்தவீட்டில் புஸ்பம் அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "செம்மஞ்சள் உடுப்புத்தானே போட்டவர், பிறகேன்?" என்று ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தா.

கவனக்குறைவாக வேட்டையாடியதற்காகச் சுட்டவர்மீது வழக்கு வந்தது. முக்கிய சாட்சி குகன். எனக்கு இவர்களைத் தெரியும், அந்த வகுப்பில் மொழிபெயர்த்ததும் நான்தான், வேறு ஆளைப் போடுங்கள் என்று திருமதி ஒலிவேராவிடம் சொன்னேன். அந்தச் சின்ன ஊர் நீதிமன்றத்துக்கு அன்றைக்கு வர வேறொருவரும் அகப்படவில்லை. "நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொல். அவர் தீர்மானிக்கட்டும்" என்றார். சொன்னேன். நீதிபதி இரு பக்கத்து லோயர்மாரையும் கேட்டார். எவரும் ஆட்சேபிக்கவில்லை. திருமதி ஒலிவேராவே என்னைத் தன் காரில் கூட்டிவந்து கடைசி வாங்கில் உட்கார்ந்துகொண்டார். முன் வாங்கில் புஸ்பம், மடியில் கைப்பையோடு.

குகன் நடந்ததைச் சொன்னான். விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தடியில் இருவரும் இருந்திருக்கிறார்கள். மிகக் கிட்ட ஒரு வெடி. பிறகு இன்னொன்று. இருவரும் மரத்துக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள். செம்மஞ்சள் உடுப்பு வெளியே தெரியவில்லை. நடராசா பொக்கற்றுக்குள் கையை விட்டார். வெள்ளை லேஞ்சி வந்தது. கையை மரத்துக்கு மேலே உயர்த்தி அதை அசைத்தார். தலையையும் கொஞ்சம் தூக்கினார். அடுத்த வெடி அவருக்கு.

சுட்டவரின் லோயர் எழுந்தார். "பயிற்சி வகுப்பில், வெள்ளைத் துணி எதையும் காட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தந்தார்களா? மானின் வாலென்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்று?"

நான் அதை அறை முழுவதற்கும் கேட்கத் தமிழில் சொன்னேன். "வெள்ளைத் துணி ஒண்டும் காட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, மான்ர வாலெண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவினம் எண்டு, வகுப்பில உங்களுக்குச் சொல்லித்தந்தவையோ?"

எனக்குப் பின்னால் முன் வாங்கில் ஒரு கைப்பை நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. வகுப்புக்கு வந்தவர்கள் ஆண்கள். அந்த லேஞ்சிகளைத் தோய்த்தவ, ஸ்திரிக்கை போட்டவ, ஒவ்வொரு ஜக்கற்றிலும் வைத்தவ, அந்த மண்டபத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. நடராசாவும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. வெள்ளை கூடாது என்பதைப் புஸ்பம் அந்த நிமிஷத்தில்தான் முதன்முதலாகக் கேட்டா. அதுவும் என்னுடைய வாயால்.

"ஓம். சொன்னவை" என்றான் குகன். "ரீச்சர் வடிவா விளங்கப்படுத்தினவ."

ரீச்சர் நன்றாக விளங்கப்படுத்தினார் என்று என்னைப் பற்றி நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அப்படியிருந்தும் உங்கள் அத்தான் ஏன் அதை அசைத்தார்?"

குகன் முன் வாங்கிலிருந்த அக்காவைப் பார்த்தான். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னான். "பழக்கம்."

'ஹபிற்' என்றேன். வேறு எதைச் சொல்வது. லோயர் அந்தச் சொல்லை வாயில் போட்டு இரண்டு மூன்று தரம் உருட்டினார். காட்டில் வெள்ளைத் துணியை அசைக்கும் பழக்கமுள்ள மனிதர். படிப்பித்தும் திருந்தாத பழக்கம். இதற்கு என் கட்சிக்காரர் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரசாங்கத்து லோயர் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். நடராசா என்ற மனிதர் அந்த ஒரு சொல்லால் ஒரு விசர்க்குணம் பிடித்தவராக எழுதப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்துக்கு ஒன்று தெரிவிக்க விரும்புகிறார், சாட்சி சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, ஒருவருடைய தனிப்பட்ட பழக்கம் என்பது ஒன்று, ஒரு ஊர் மக்கள் எல்லோரும் பழகிவந்த முறை என்பது மற்றது, என்றேன். அவ்வளவுதான். லோயர் ஆட்சேபித்தார். நீதிபதி பேனையை வைத்துவிட்டுக் குகனைப் பார்த்து, நீங்கள் என்ன கருத்தில் சொன்னீர்கள், விளக்குங்கள் என்றார்.

"எங்கட ஊரில வெடிச்சத்தம் கிட்டக் கேட்டா எல்லாரும் விழுந்து படுக்கிறது ஐயா. பிறகு வெள்ளையைத் தூக்கிக் காட்டுறது. நாங்கள் சனம், சுடாதேங்கோ எண்டு. வயலுக்குப் போனாலும் வெள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெள்ளை. அத்தான்ர மகளுக்குக் காய்ச்சல் வந்த நேரம், அக்கா தன்ர சீலையைக் கிழிச்சுச் சைக்கிளில வெள்ளை கட்டி அனுப்பினவ. வழியில ஆமி நிண்டது. வெள்ளையைப் பாத்திட்டுத்தான் விட்டவங்கள். எங்களுக்கு வெள்ளையைக் கண்டா சுடமாட்டாங்கள் ஐயா."

நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். கழுத்தை அசைக்கவில்லை. சொல்லிமுடித்தபோது சுட்டவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் சுட்டது குற்றம்தான், துணி எந்த நிறமாக இருந்தாலும், என்றார் நீதிபதி. தண்டம், வேட்டைத் தடை. தான் ஒரு மனிதன் என்று இறந்தவர் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லியிருக்கிறார், என்று ஒரு வசனமும் சேர்த்துச் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்போதுதான் அன்று முதல் தடவையாக என் குரல் தடுமாறியது.

தாழ்வாரத்தில் சுட்டவர் எங்களிடம் வந்தார். அவருடைய லோயர் தடுத்தும் நிற்கவில்லை. உயரமான மனிதர், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு நாளும் அந்த மரத்தடி கண்ணில் நிற்கிறது என்றார். புஸ்பத்துக்குத் தமிழில் சொன்னேன். குகன் கார் எடுக்கப் போயிருந்தான். திருமதி ஒலிவேரா கொஞ்சம் தள்ளிக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

புஸ்பம் அவரை நேராகப் பார்த்தா. "அது வெள்ளையா இல்லாட்டி சுட்டிருப்பியளோ எண்டு கேளுங்கோ ரீச்சர்."

கேட்டேன். அவர் அவசரப்படாமல் யோசித்தார். "இல்லை. சுட்டிருக்கமாட்டேன். மண்ணிறம் அசைந்திருந்தால் என்னவென்று நின்று பார்த்திருப்பேன். வெள்ளையைக் கண்டதும் என் விரல் முந்திவிட்டது." தன்னைத் தானே குற்றம் சாட்டுவதாகத்தான் அவர் அதைச் சொன்னார். அந்த லேஞ்சியை யார் வைத்தது என்று அவருக்குத் தெரியாது.

அபிராமி, நீ கேட்ட இடம் இதுதான். அது நீதிமன்ற அறையல்ல, தாழ்வாரம். நான் செய்த சத்தியம் கதவுக்கு உள்ளே முடிந்துவிட்டது. தனக்குத் தெரியாது என்கிறார் என்று நான் சொல்லியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆசை எனக்கு வந்தது. புஸ்பம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் சொன்னேன். இல்லை, சுட்டிருக்கமாட்டாராம், வெள்ளையைக் கண்டுதான் விரல் போனதாம், என்று முழுதாகச் சொன்னேன்.

புஸ்பம் தலையை மெல்ல அசைத்தா. "அவர் 'வைற்' எண்டது எனக்கு விளங்கினது ரீச்சர். நீங்கள் மாத்திச் சொல்லப்போறியளோ எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான். மாத்தியிருந்தா, அண்டைக்கு வகுப்பில அவருக்கும் ஒழுங்காச் சொன்னியளோ எண்டு எனக்குச் சாகும்வரைக்கும் சந்தேகமாக் கிடந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னா. "அந்த லேஞ்சியை வைச்சுவிட்டது நான் எண்டு இவருக்குச் சொல்லாதேங்கோ. அவர் தன்ர பாரத்தைத் தூக்கட்டும். என்ரயையும் ஏன் அவருக்கு."

அவர் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"நீங்கள் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது" என்றேன். அவர் புஸ்பத்துக்குத் தலை குனிந்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போதும் திருமதி ஒலிவேராதான் கார் ஓட்டினார். நகரத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது, முன்னால் பார்த்தபடியே கேட்டார். "அந்தப் பெண் கடைசியாகச் சொன்னதில் ஒரு லேஞ்சி இருந்தது. நீ அவரிடம் சொன்னதில் அது இருக்கவில்லை."

"இல்லை."

"சொல்லவேண்டாம் என்று அவளே கேட்டாளா?"

"ஓம்" என்றேன் தமிழிலேயே. அவருக்கு அது விளங்கியது.

"அப்படியென்றால் அது அவளுடையது" என்றார். அந்த விஷயத்தைப் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

அப்போது எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. அவர் ஒரு கையால் கோட்டுப் பொக்கற்றைத் துழாவித் தன் லேஞ்சியை எடுத்து என்னிடம் நீட்டினார். ஸ்திரிக்கை போட்டு நாலாக மடித்த வெள்ளை லேஞ்சி. நான் அதை வாங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.